கொழும்பில் வளர்ந்த பனிமயதாசன்

தமிழ்த் திரையுலகின் நகைச்சுவை நடிகர்களுள் இலங்கை மண்ணில் வளர்ந்தவர் ஒருவரைக் கூறுங்கள் என்று கேட்டால் நம்மவரிற் பலர் சற்றே தடுமாறுவர். எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையாய் கொழும்புக்கு வந்து, பதினாறு வயதுப் பையனாய்ச் சென்னைக்குக் கப்பலேறும்வரை இந்நகரிலேயே வளர்ந்த ஜே.பி. சந்திரபாபுவை இலங்கையோடு சேர்த்து நினைப்பவர் மிகச் சிலரே. எம்.ஜி.ஆருக்குக் கண்டி பிறந்த ஊர் மாத்திரமே. சந்திரபாபுவுக்கோ கொழும்பு வளர்த்த ஊர். ஒரு கலைஞனை ஆக்குவதில் எது பெரிதென்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சந்திரபாபுவின் பாடல்களை நான் முதலிற் கேட்டது எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை ஒலிபரப்பிய பழைய பாடல்களுக்கிடையே, தன்னைத் தானே முட்டாளென்று அறிவித்துக்கொள்ளும் ஒரு குரல் வரும். மற்றெல்லாக் குரல்களிலிருந்தும் அது விலகி நின்றது. அது சௌந்தரராஜனும் அல்ல, சீர்காழியும் அல்ல. கருநாடக இசையின் சாயல் சிறிதுமின்றி, ஆங்கிலத் தட்டுப் பாடகர்களைப் போல வார்த்தைகளை மென்று துப்பிய அக்குரல், திடீரென அடித்தொண்டையிலிருந்து உச்சிக்குத் தாவி உடைந்து மீளும். அதற்கு ‘யோடலிங்’ என்று பெயர் என்பதும், ஆல்ப்ஸ் மலை இடையர் பாணி என்பதும் நான் பின்னாளில் அறிந்தவை. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

தூத்துக்குடியில் 1927ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், பனிமய மாதா திருவிழாக் காலத்தில் பிறந்தவர் சந்திரபாபு. தூத்துக்குடிப் பரதவர் அனைவருக்கும் தாயான அம்மாதாவின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். ஜோசப் பனிமயதாசன் ரொட்ரிகஸ் என்பது ஞானஸ்நானப் பெயர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறைப் பரதவர் போர்த்துக்கேயரின் அரவணைப்பில் கத்தோலிக்கராயினர். அன்று அவர்கள் ஏற்ற போர்த்துக்கேயக் குடும்பப் பெயர்கள் நானூறு ஆண்டுகள் கழிந்தும் நிலைத்தன. வீட்டில் அழைத்த ‘பாபு’ என்ற செல்லப்பெயரோடு, பரதவர் தம்மைச் சந்திரகுலத்தவர் என்று கூறிக்கொள்ளும் மரபையொட்டிச் ‘சந்திர’ என்பதைச் சேர்த்து அவர் சந்திரபாபு ஆனார் என்பர்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பவர் அவரது தந்தையார். ஜே.பி. ரொட்ரிகஸ் காந்தியவாதி. ‘சுதந்திர வீரன்’ என்ற பெயரில் பத்திரிகை நடத்தியவர். ஆங்கில அரசு அப்பத்திரிகையைத் தடைசெய்தது. 1929இல் அவர் கைதாகி விடுதலையானதும், குடும்பத்தோடு இலங்கைக்கு வெளியேற வேண்டியதாயிற்று. ஆக, ஒரு பத்திரிகை முடக்கப்பட்டதன் விளைவாகவே அந்தக் குழந்தை கொழும்புக்கு வந்து சேர்ந்தது. தந்தை எழுதியதற்குக் குடும்பம் விலைகொடுத்தது. மகன் பின்னாளிற் பேசியதற்குத் தானே விலைகொடுத்தான். மனதில் பட்டதை அடக்கத் தெரியாத குணம் அக்குடும்பத்தின் பரம்பரைச் சொத்துப் போலும்.

கிராண்ட்பாஸ் புனித ஜோசப் கல்லூரியில் அவர் படித்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. அடுத்ததாக அக்குவைனாஸ் கல்லூரியிலும் படித்தார் என்று அதே குறிப்புகள் தொடர்கின்றன. இதை ஒருவரைப் பார்த்து மற்றொருவர் எழுதிவருகின்றனர். பொரளையில் நாமறிந்த அக்குவைனாஸ் கல்லூரியை அருட்தந்தை பீற்றர் பிள்ளை தொடங்கியது 1954இல். சந்திரபாபு கொழும்பைவிட்டுப் போனதோ 1943இல். இல்லாத கல்லூரியில் எவரும் படித்திருக்க இயலாது. சென்னையில் எழுதுவோருக்குக் கொழும்பின் கல்லூரிகள் எல்லாம் ஒன்றுதான் போலும். நாமும் அதைத் திருத்த முற்படாமல் அவ்வாறே மறுபதிப்புச் செய்துவந்திருக்கிறோம்.

அவர் வளர்ந்த 1930களின் கொழும்பைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனையிலும் தூத்துக்குடிப் பரதவர் வணிகக் குடும்பங்கள் வேரூன்றியிருந்தன. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் தமிழும் சிங்களமும் மலையாளமும் ஒரே வரிசையில் மெழுகுதிரி ஏற்றின. துறைமுகத்தில் இறங்கும் கப்பல்களோடு ஆங்கில இசைத்தட்டுகளும் ஹொலிவூட் படங்களும் வந்திறங்கின. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மெட்டுகளிலிருந்து வளர்ந்த பைலா, பறங்கியர் வீட்டு விருந்துகளிலும் சிங்களவர் வீட்டுத் திருமணங்களிலும் கைதட்டலோடு ஒலித்தது. சந்திரபாபு இன்ன இடத்தில் இன்னாரிடம் ஆடக் கற்றார் என்று நான் சான்றுகாட்ட வரவில்லை. ஆனால் ஒரு சிறுவனின் காது எதைக் கேட்டு வளர்கிறதோ அதையே அவன் கால்கள் பின்னர் ஆடும். தூத்துக்குடியிலோ கும்பகோணத்திலோ வளர்ந்திருந்தால் அவருக்கு அந்தக் காது வாய்த்திருக்காது என்பது என் துணிபு.

1942 ஏப்பிரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. அதைத் தொடர்ந்து இந்திய வம்சாவளியினர் பெருந்தொகையாக ஊர் திரும்பினர். ரொட்ரிகஸ் குடும்பம் 1943இல் சென்னை சென்று திருவல்லிக்கேணியிற் குடியேறியது. தந்தையார் ‘தினமணி’யிற் பணிக்கமர்ந்தார்.

சென்னையிற் சந்திரபாபு எதிர்கொண்ட திரையுலகம் எத்தகையது என்பதை விளங்கிக்கொண்டாலன்றி அவரது தனித்தன்மையை விளங்கிக்கொள்ள முடியாது. அன்றைய நடிகரிற் பெரும்பாலோர் பாய்ஸ் கம்பனி எனப்பட்ட நாடகக் குழுக்களின் பிள்ளைகள். என்.எஸ். கிருஷ்ணன் ரி.கே.எஸ். சகோதரர்களோடு நாடகத்தில் வளர்ந்தவர். தங்கவேலு, ரி.எஸ். பாலையா, காகா இராதாகிருஷ்ணன், ஏன், சிவாஜியும் எம்.ஜி.ஆரும்கூட அந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களே. வசனமே அவர்களது ஆயுதம். மேடையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசப் பயின்றவர்கள் அவர்கள். சந்திரபாபுவுக்கு அந்தக் குருகுலமும் இல்லை, அங்கே கிடைக்கும் உறவும் ஆதரவும் இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டே. ஒன்று, எலும்பில்லாதது போல் வளையும் உடம்பு. மற்றது, அந்தக் குரல். இவற்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

1947இல் ‘தன அமராவதி’ என்ற படத்தில் சிறு வேடம் கிடைத்தது. பிறகு நீண்ட அலைச்சல். இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, பாடவைத்துச் சோதிக்கும் பொறுப்பு அவரது உதவியாளரான ஓர் இளைஞரிடம் விடப்பட்டது. இவருக்குப் பாட வராது என்று அந்த இளைஞர் தீர்ப்புச் சொன்னார். அவர் பெயர் எம்.எஸ். விஸ்வநாதன்.

ரி.ஆர். மகாலிங்கத்தின் ‘மோகனசுந்தரம்’ 1951இலும், ‘சின்னத்துரை’ 1952இலும் வெளிவந்தன. இரண்டிலும் சந்திரபாபு இருந்தார். ஆயினும் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்ரூடியோவின் கதவு திறக்கவில்லை. 1952இல் அந்த ஸ்ரூடியோ வளவுக்குள்ளேயே அவர் நஞ்சருந்தி உயிர்விட முயன்றார். காப்பாற்றப்பட்டு, சட்டப்படி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நீதவான் காரணம் கேட்டபோது தீக்குச்சியொன்றைக் கொளுத்தித் தம் கையைச் சுட்டுக்கொண்டு, நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் பார்க்கலாம், என் எரிவை உங்களால் உணர முடியாது என்ற பொருள்படப் பேசினாராம். நீதிமன்றத்திலும் நடிப்புத்தானா என்று சிலர் கேட்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வசனத்தை நம்பாத கலைஞன் உடம்பைக்கொண்டே பேசினான், அவ்வளவுதான். ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவ்வாண்டே வாய்ப்புக் கிடைத்தது.

அதன்பின் ஏற்றம் வேகமாக நிகழ்ந்தது. 1954இல் ஏவி.எம்.மின் ‘பெண்’ படத்தில் எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். வீணை வித்துவான் பாலசந்தரேதான். சங்கீத உலகின் பெருந்தலை ஒருவருக்குச் சங்கீதமே பயிலாத ஒருவர் குரல் கொடுத்த வேடிக்கை அது. 1955இல் ‘குலேபகாவலி’ வந்தது. 1957இல் ‘புதையல்’, ‘மகாதேவி’, ‘மணமகன் தேவை’ என்று வரிசையாக வந்தன. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிப் ‘புதையல்’ படத்தில் அவர் பாடி ஆடிய காதற் பாடலை இன்று பார்ப்பவரும் அந்தக் கால்களைக் கண்டு வியப்பர். 1957 ஆகஸ்டில் கலைவாணர் மறைந்தார். தமிழ் நகைச்சுவையின் முதல் ஆசனம் வெறுமையான அந்த வேளையிற் சந்திரபாபு உச்சத்தை எட்டினார்.

எனினும் அவரைக் கலைவாணரின் வாரிசு என்பது பொருந்தாது. கலைவாணர் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைத்தவர். சந்திரபாபு எவரையும் திருத்த முற்படவில்லை. அவரது நகைச்சுவை கருத்திலே பிறந்ததன்று. விழுவதிலும், எழுவதிலும், காற்சட்டைப் பையிற் கைவிட்டு நடப்பதிலும், ஒரு சொல்லைத் தவறான இடத்தில் நிறுத்துவதிலும் பிறந்தது.

1958இல் பி.ஆர். பந்துலுவின் ‘சபாஷ் மீனா’ வெளிவந்தது. சிவாஜி கணேசன் கதாநாயகன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம். ஒன்று படித்த இளைஞன், மற்றது ரிக்ஷாக்காரன். தூத்துக்குடியிற் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஒருவர் அந்த ரிக்ஷாக்காரனாகப் பேசிய மெட்ராஸ் பாஷையைச் சென்னைக்காரரே தம்முடையதாக ஏற்றனர். வெளியிலிருந்து வந்தவனுக்கே ஓர் ஊரின் பேச்சு அவ்வளவு கூர்மையாகக் காதில் விழும். சிவாஜி போன்ற ஒருவரைத் திரையில் வைத்துக்கொண்டே பார்வையாளரின் கண்ணைத் தம்பக்கம் திருப்பியவர் அன்று வேறெவர்? பந்துலு இதே கதையை 1962இல் ‘தில் தேரா தீவானா’ என்று இந்தியில் எடுத்தபோது சந்திரபாபுவின் இடத்தில் நடித்த மெஹ்மூத் பிலிம்பேர் விருது பெற்றார். 1996இல் அக்கதையின் சாயலிலேயே ‘உள்ளத்தை அள்ளித்தா’ வந்து பெருவெற்றி கண்டது.

‘மரகதம்’ (1959) படத்தில் அவர் ஜமுனாராணியோடு பாடிய குங்குமப்பூப் பாடல் யாவரும் அறிந்தது. அதற்கு இசையமைத்தவர், முன்னர் அவர் வாய்ப்புக் கேட்டுச் சென்ற அதே சுப்பையா நாயுடு. அவ்வாண்டே ஏவி.எம். தயாரித்த ‘சகோதரி’யில், படம் சோபிக்கவில்லையென்று கருதிய மெய்யப்பச் செட்டியார் பாற்காரன் வேடமொன்றைப் பின்னர் சேர்த்து, அதனைச் சந்திரபாபுவிடம் ஒப்படைத்தார். படம் பிழைத்தது. முன்னர் நான் குறிப்பிட்ட முட்டாள் பாடல் அதில் வருவதே.

இப்பாடல்கள் தமிழகத்தில் வீடுவீடாகப் பரவியதில் நம் வானொலிக்கும் பங்குண்டு. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையைத் தரம் குறைந்ததென ஒதுக்கினார். 1957இல் விவித்பாரதி தொடங்கப்படும்வரை, பின்னும் நெடுங்காலம், தமிழக நேயர் முள்ளைத் திருப்பியது கொழும்பின் பக்கமே. கொழும்பு வளர்த்த குரலைக் கொழும்பே தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பியது.

1960இல் கவிஞர் கண்ணதாசன் ‘கவலை இல்லாத மனிதன்’ என்ற படத்தைத் தயாரித்தார். அதில் சந்திரபாபுவே கதாநாயகன். மனிதன் பிறக்கையிலும் இறக்கையிலும் அழுவதைப் பற்றிய அதன் பாடல் காலத்தை வென்றது. படமோ கவிஞரைக் கடனிலே தள்ளியது. படப்பிடிப்புக்கு வராத கதாநாயகனைத் தேடி அவர் வீட்டு வாசலிற் கவிஞர் காத்திருக்க, அவர் பின்வாசலால் வெளியேறிவிட்ட கதையைக் கண்ணதாசன் மனம் நொந்து எழுதியிருக்கிறார். சந்திரபாபுவின் அபிமானிகள் இதைப் பேசுவதில்லை. நான் அதனை மறைக்க விரும்பவில்லை. பின்னர் அவருக்கு நேர்ந்ததை, முன்னர் அவர் பிறருக்குச் செய்ததையும் அறிந்தே எடைபோட வேண்டும்.

சந்திரபாபுவை எம்.ஜி.ஆர். அழித்தார் என்பது திரையுலகக் கதைகளிற் பலமுறை சொல்லப்பட்ட ஒன்று. இணையத்திலும் இது ஓயாது சுற்றிவருகிறது. நடந்தது என்ன? 1960களின் முற்பகுதியில் ‘மாடி வீட்டு ஏழை’ என்ற படத்தைத் தாமே இயக்கத் தொடங்கினார் சந்திரபாபு. எம்.ஜி.ஆரும் சாவித்திரியும் ஒப்பந்தமாயினர். சிறிது படமாக்கப்பட்டபின் எம்.ஜி.ஆரின் திகதிகள் கிடைக்கவில்லை. திகதி கேட்டுச் சென்ற இடத்தில் எம்.ஜி.ஆரின் தமையனார் சக்கரபாணியோடு வாக்குவாதம் முற்றி, சந்திரபாபு நாற்காலியைத் தூக்கும் அளவுக்குப் போயிற்று. படம் நின்றது. கடன் மாத்திரம் நின்றபாடில்லை. மாடிவரை கார் ஏறிச்செல்லும் வகையில் அவர் ஆசையாய்க் கட்டத் தொடங்கிய வீடும் கைநழுவியது. படத்தின் பெயரே அவருக்குப் பெயராயிற்று.

இதில் எம்.ஜி.ஆர். குற்றமற்றவர் என்று நான் சொல்லவரவில்லை. ஒப்புக்கொண்ட படத்துக்கு வராத நட்சத்திரத்தால் தயாரிப்பாளர் தெருவுக்கு வருவது பெருங்கொடுமை. இரண்டாண்டுகளுக்கு முன்னர்தான் கண்ணதாசன் அதைச் சந்திரபாபுவிடமே அனுபவித்திருந்தார் என்பது வேறு விடயம். ஆனால் எம்.ஜி.ஆர். அவரைத் திரையிலிருந்தே விரட்டினார் என்பதற்குப் படவரிசை இடங்கொடுக்கவில்லை. எம்.ஜி.ஆர். நடித்த ‘பறக்கும் பாவை’ (1966) படத்தில் சந்திரபாபு இருக்கிறார். எம்.ஜி.ஆர். தாமே தயாரித்த ‘அடிமைப்பெண்’ (1969) படத்திலும் இருக்கிறார். பகைவனை அழிக்க நினைப்பவன் தன் சொந்தப் படத்தில் அவனுக்கு வேடம் கொடுப்பானா? அதேவேளை, ‘நாடோடி மன்னன்’ காலத்திற் சரிசமமாய்த் தோளில் கைபோட்டுப் பேசிய ஒருவருக்கு, பத்தாண்டின் பின் அதே மனிதரின் தயவில் ஒரு வேடம் கிடைப்பது எத்தகைய வேதனையாயிருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் கணிப்பு வேறு. சந்திரபாபு நகைச்சுவை நடிகராய் இருக்க விரும்பாத நகைச்சுவை நடிகர். கதாநாயகனாக வேண்டும், இயக்குநராக வேண்டும் என்பதே அவரது தாகம். அத்தாகத்தில் தவறில்லை. ஆனால் அதற்கேற்ற கதையை எழுதித்தர அவருக்கு ஒருவர் வாய்க்கவில்லை. 1964இல் நாகேஷுக்கு ‘சர்வர் சுந்தரம்’ அமைந்தது. அதை எழுதியவர் கே. பாலசந்தர். அவரே மறு ஆண்டு ‘நீர்க்குமிழி’யை இயக்கினார். சிரிப்பு நடிகனின் முகத்தில் துயரத்தைக் கண்டுகொள்ளும் எழுத்தாளர் ஒருவர் நாகேஷுக்குக் கிடைத்தார். சந்திரபாபு தமக்குத் தாமே எழுத வேண்டியிருந்தது. 1966இல் தாமே எழுதி இயக்கி நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ வெளிவந்து தோல்வியுற்றது. விவிலியத்திலிருந்து எடுத்த தலைப்பு. தட்டியவருக்குக் கதவு திறக்கவில்லை.

வாயும் அவருக்குப் பகையாயிற்று. சக நடிகர்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்ன கருத்துகள் அச்சில் வந்தபோது நண்பர் வட்டம் சுருங்கியது. பேட்டி எடுக்கும் எங்களைப் போன்றோருக்கு அத்தகைய மனிதர் விருந்து. மறுநாட் காலையில் அதன் விளைவை அனுபவிப்பவர் அவரன்றோ! குடும்ப வாழ்வும் அமையவில்லை. 1958இல் மணந்த பெண்ணின் மனம் வேறிடத்தில் இருப்பதை அறிந்து, அவர் வழியிற் போக விட்டார் என்பர். பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) அதன் எதிரொலி என்று பேசப்படுவதுண்டு. மது மிகுந்தது.

அந்நாட்களில் அவரைக் கைவிடாத சிலருள் எழுத்தாளர் ஜெயகாந்தன் ஒருவர். தம் கலையுலக அனுபவங்களில் அவரைப் பற்றி உரிமையோடும் கண்டிப்போடும் எழுதியிருக்கிறார். மற்றவர் எம்.எஸ். விஸ்வநாதன். பாட வராது என்று திருப்பி அனுப்பிய அதே விஸ்வநாதன்தான் பிற்காலத்தில் அவரது உற்ற நண்பர். கவலை இல்லாத மனிதனின் அழுகைப் பாட்டுக்கு இராமமூர்த்தியோடு சேர்ந்து மெட்டமைத்தவரும் அவரே. அப்பாடலைக் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் முன்னிலையிற் பாடிவிட்டு, அவர் பாராட்டியதும் மகிழ்ச்சி தாளாமல் ஓடிச்சென்று அவர் மடியிலேயே சந்திரபாபு அமர்ந்துவிட்டதாகக் கூறப்படும் சம்பவத்தை, உடனிருந்தவர்கள் நெடுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

1974 மார்ச் 8ஆம் திகதி சென்னையிற் சந்திரபாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அவர் விரும்பியபடி, உடல் முதலில் விஸ்வநாதன் வீட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறிதுநேரம் அங்கே வைக்கப்பட்டது. அதன்பின்னரே சாந்தோமுக்கு அண்மையிலுள்ள குவிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச்சென்றார்கள்.